மச்சாளுக்கு விழுந்த ஏச்சு

கிளினிக்கில் என் மச்சாள் பூமணிக்கு ஏச்சு விழும் நாட்களில் எனக்குச் சாப்பிடாமலே வயிறு நிறைந்துவிடும். இதை மறைத்துவிட்டு எழுதினால் என் கண்ணுக்கு நடந்தது உங்களுக்கு விளங்காது. அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பூமணி என் கணவரின் தங்கை. சண்டிலிப்பாயில் எங்கள் வளவுக்கும் அவளுடைய வளவுக்கும் நடுவில் ஒரு கிடுகு வேலி மட்டும்தான். பள்ளிக்கூடத்தில் நாங்கள் ஒரே வகுப்பு. அவள் படிக்காமல் வந்து சித்தியடைவாள், நான் விழுந்து விழுந்து படித்தும் கரையில் நிற்பேன். அவள் சுன்னாகம் சந்தையில் மரக்கறி விற்கிறாள்; வாய் பெரியது, சிரிப்பு அதைவிடப் பெரியது. நான் வீட்டில் தையல் மெசினோடு கிடக்கிறவள். என் கணவர் அடுத்தவர்களின் புகையிலைத் தோட்டங்களில் கூலிக்குப் போகிறவர். சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, எங்கள் இரண்டு பேருக்கும் ஏறக்குறைய ஒரே காலத்தில் வந்தது. அதையாவது தனியாக வைத்துக்கொள்ள அவள் என்னை விடவில்லை.

மாதம் ஒருமுறை ஊர் ஆஸ்பத்திரிக்கு வெறும் வயிற்றோடு போய் இரத்தம் கொடுப்போம். பிறகு நீள மர வாங்கில் வரிசையாக உட்கார்ந்திருந்து டொக்டரின் அறைக்குப் போவோம். கதவு எப்போதும் திறந்தே இருக்கும். உள்ளே யாருக்கு என்ன சொல்கிறார்கள் என்பது வாங்கில் இருக்கும் எல்லாருக்கும் கேட்கும். பூமணி உள்ளே போனால் டொக்டரின் குரல் ஏறும்.

"என்னம்மா இது? போன மாதத்தைவிடக் கூட வந்திருக்கு. என்ன சாப்பிட்டனீங்கள்?"

"ஒண்டுமில்லை டொக்டர். கொஞ்சம் மரவள்ளிக்கிழங்கு."

"கொஞ்சமோ?"

"விக்காமல் மிஞ்சினது டொக்டர். எறிய மனம் வரேல்லை."

வாங்கு முழுவதும் சிரிக்கும். அடுத்து நான் போவேன். டொக்டர் என் சீனி இலக்கத்தைப் பார்த்ததும் முகம் மலரும். "ரஞ்சியம்மாவைப் பாருங்கோ. இவவைப் போல எல்லாரும் வாயைக் கட்டினால் எனக்கு வேலையே இல்லை" என்று வெளியில் கேட்கும்படி சொல்வார். அந்த ஒரு வசனத்துக்காகவே நான் மாதம் முழுவதும் காத்திருந்தேன்.

நான் வாயைக் கட்டியது கிளினிக்குக்கு முந்திய இரண்டு மூன்று நாட்கள் மட்டும்தான். சோற்றைத் தொடமாட்டேன். பாவற்காய், வல்லாரை, சீனி விடாத தேநீர், அவ்வளவுதான். கந்தசட்டிக்கு இளநீரோடு மட்டும் இருந்து பழகிய உடம்புக்கு இது ஒரு விசயமா? என் கணவர் இதற்குக் கிளினிக் விரதம் என்று பெயர் வைத்தார். விரதம் என்றால் முடிவில் பாரணையும் வேண்டுமே. இரத்தம் கொடுத்து, மருந்தும் பாராட்டும் வாங்கிக்கொண்டு வரும் வழியில் சந்திக் கடையில் இரண்டு இனிப்புப் பணிசும் சீனி தூக்கலாகப் போட்ட பால் தேநீரும். மிச்ச நாட்களில் நானும் மற்றவர்களைப் போலத்தான்.

கிளினிக்கில் ஒரு தாதி, நாங்கள் மிஸ்ஸி என்று கூப்பிடுகிறவ, இருந்தா. இரத்தம் எடுத்துவிட்டு நாங்கள் காத்திருக்கும் நேரத்தில் எழுந்து நின்று சொல்லுவா. "சீனி வருத்தம் உள்ள எல்லாரும் வருசத்துக்கு ஒருக்கால் கண்ணைக் காட்டவேணும். கண் வடிவாத் தெரியுது எண்டு இருந்திடாதையுங்கோ. இந்த வருத்தம் உள்ளுக்கை போகும் வரைக்கும் நோகாது, மங்காது, ஒண்டும் சொல்லாது." எல்லாரும் என்று அவ சொன்னது என் காதில் விழுந்தது. ஆனால் அவ பூமணியைப் பார்த்துத்தான் சொல்லுகிறா என்று நான் நினைத்தேன். இலக்கம் கூடியவர்களுக்குக் கொடுக்கும் தண்டனை அது, என்னைப் போன்றவர்களுக்கு எதற்கு என்று இருந்துவிட்டேன். எனக்கும் கண் கிளினிக்குக்குத் துண்டுச்சீட்டு எழுதித் தந்தார்கள். அதை மடித்து மெசின் லாச்சிக்குள் வைத்தேன்.

பூமணி ஏச்சுக்குப் பயந்து கண் கிளினிக்குக்குப் போனாள். அவளுடைய கண்ணுக்குள் வருத்தம் தொடங்கியிருக்கிறது என்று கண்டுபிடித்து லேசர் அடித்தார்கள். என் கணவர் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுத் தங்கையை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனார். திரும்பி வரும்போது அவள் கறுப்புக் கண்ணாடி போட்டுப் பின்னால் இருந்தாள். "மச்சாள், பச்சை வெளிச்சமெல்லாம் அடிச்சாங்கள்" என்று வேலிக்கு மேலால் கத்தினாள். எனக்குத் தலையிடி வந்தால் பனடோல் இருக்குது என்று சொல்லிவிட்டுப் போகிற மனிசன், தங்கையின் கண்ணுக்கு நேரம் பார்த்து மருந்து விட்டார். அன்று எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவில்லை.

அந்த வருசம் பள்ளிக்கூடம் தொடங்குவதற்கு முன் வெள்ளைச் சீருடைகள் வழக்கம்போல் குவிந்தன. ஒரு பின்னேரம் வெள்ளைத் துணியில் ஒரு கறுப்பு நூல் கிடந்தது. தட்டினேன், போகவில்லை. துணியைத் திருப்பினேன், நூலும் கூடவே வந்தது. சுவரைப் பார்த்தால் சுவரிலும் அதே நூல், நான் கண்ணை அசைக்கும் பக்கமெல்லாம் மெதுவாக நீந்தியது. கண்ணில் தூசு என்று கழுவினேன். சில நாட்களில் நூல் புகையானது. ஒரு காலை முகம் கழுவும்போது தற்செயலாக வலது கண்ணைப் பொத்தினேன். இடது கண்ணுக்கு முன்னால் செம்மண் கரைத்த தண்ணீர்தான் தெரிந்தது.

பயந்தேன். ஆனால் பயத்தைவிட முதலில் வந்த நினைப்பு, பூமணிக்குத் தெரியக்கூடாது என்பதுதான். ஒருவருக்கும் சொல்லாமல் ஒற்றைக் கண்ணால் தைத்தேன். ஒற்றைக் கண்ணுக்கு எது கிட்ட, எது தூர என்று மட்டுப்பிடிப்பது கடினம். ஊசிக்கு நூல் கோக்கவே பெரும்பாடாக இருந்தது. கடைசியில் என்னைக் காட்டிக்கொடுத்தது பூமணியின் சட்டையே.

"மச்சாள், இதென்ன? ஒரு கொக்கியும் பொருந்தேல்லை. கண்ணை மூடிக்கொண்டே தைச்சனீர்?" என்று சட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். நான் சட்டையை வாங்கி மடித்து வைத்தேன். நான் திருப்பி ஏசாமல் விடுவது அவளுக்குப் புதிது. கிட்ட வந்து என் முகத்தைப் பார்த்தாள். பிறகு தன் கையால் என் வலது கண்ணைப் பொத்தினாள்.

"இப்ப என்ன தெரியுது?"

"உம்மடை கை வெங்காயம் மணக்குது."

"அதைக் கேக்கேல்லை. என்ன தெரியுது?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் அப்படியே, வேலியடியில் நின்ற என் கணவர் பக்கம் திரும்பி, "அண்ணை! ஓடி வா!" என்று சந்தைக் குரலில் கத்தினாள்.

அவர்கள் இரண்டு பேருமாக என்னைக் கூட்டிக்கொண்டுபோன பெரியாஸ்பத்திரிக் கண் பகுதியில் காத்திருப்பது ஒரு தனி வருத்தம். கண்மணியை விரிக்க மருந்து விடுவார்கள், எரியும், பிறகு பக்கத்தில் உள்ளதெல்லாம் கலங்கும், யன்னல் வெளிச்சம் ஊசியாகக் குத்தும். வாங்கில் இருக்கும் எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு பெயர் கூப்பிடுவதைக் காதால் பார்த்துக்கொண்டிருப்போம். எனக்குப் பக்கத்தில் குருநகரிலிருந்து வந்த ஒரு மீன்பிடிக்காரர் செபமாலை உருட்டிக்கொண்டு இருந்தார். ஒரு கட்டத்தில், "உங்களுக்கு ஒரு கண்ணோ, ரெண்டுமோ?" என்று கேட்டார். ஒன்று என்றேன். "எனக்கு ரெண்டும்" என்றார். என்ன மனமோ, அப்போதும் எனக்குள் ஒரு ஆறுதல் வந்தது. என்னைவிடக் கண் கெட்டவர் ஒருவர் இருக்கிறார் என்று.

என் மோவாய் நாடியைக் கருவியின் தாங்கில் வைக்கச் சொல்லி, ஒளியை உள்ளே விட்டுப் பார்த்த கண் டொக்டர் பொறுமையானவர். என் கணவர் தோட்ட வேலை செய்கிறவர் என்று அறிந்து அவருக்கு விளங்கும்படி சொன்னார். கண்ணின் பின்பக்கத்தில் படம் விழுகிற ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது, அதுதான் விழித்திரை. அதற்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் மயிரைவிட மெல்லியவை. சீனி கூடிக் கூடி அந்தக் குழாய்கள் உக்கிக் கசியும், சில அடைபடும். தண்ணீர் போகாத பாத்திக்குத் தோட்டக்காரன் அவசரத்துக்கு ஓட்டைக் குழாயை இழுத்து வைப்பதுபோல், கண் புதுக் குழாய்களை வளர்க்கும். அவை பலமில்லாதவை, வெடிக்கும். "இடது கண்ணிலை வெடிச்சிருக்கு. வலதிலையும் அந்தக் குழாயள் வளந்திட்டுது. அது வெடிக்க முதல் நாங்கள் முந்தவேணும்."

எனக்கு வேறொன்றும் கேட்கவில்லை. வலதிலும் என்ற சொல் மட்டும் கேட்டது. வலது கண்ணும் போனால் மெசினுக்கு முன்னால் எனக்கு என்ன வேலை? வீட்டில் யாருடைய கையைப் பிடித்து நடப்பது? பூமணியின் கையைத்தான்.

டொக்டர் என் கிளினிக் கொப்பியைப் புரட்டினார். "இலக்கமெல்லாம் திறமா இருக்கே? இப்பிடி இருந்த ஆளுக்கு இவ்வளவு கெதியா வராதே" என்று இன்னொரு இரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினார். கடந்த இரண்டு மூன்று மாதங்களில் சீனி எவ்வளவு இருந்தது என்று சராசரியாகச் சொல்லும் பரிசோதனை அது. இரண்டு நாள் பாவற்காய்க்கு அது மசியாது. முடிவு மிக மோசமாக வந்தது. டொக்டர் என்னைப் பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன்.

"அவ கிளினிக்குக்கு முதல் பட்டினி கிடக்கிறவ, டொக்டர்" என்றாள் பின்னால் நின்ற பூமணி.

அந்த இடத்திலேயே அவளைக் கொன்றிருப்பேன். கண் தெரிந்திருந்தால்.

வாட்டில் கட்டில் கிடைத்து, வெளியில் ஒரு ஸ்கானும் எடுத்தோம். அந்தச் செலவுக்குப் பூமணியின் சீட்டுக்காசு போனது; வேண்டாம் என்று சொல்ல என்னிடம் வழியில்லை. ஸ்கானில், இரத்தத்துக்குப் பின்னால் விழித்திரை இழுபட்டுக் கழன்றிருப்பது தெரிந்தது. கண்ணுக்குள் நிறைந்திருக்கும் பசை போன்ற பொருளை இரத்தத்தோடு எடுத்துவிட்டு, உள்ளே வாயு விட்டு, கழன்றதை ஒட்டவைக்கும் ஒப்பரேசன் செய்தார்கள். கண்ணை மட்டும் விறைக்க வைத்ததால் அவர்கள் கதைத்தது எல்லாம் கேட்டது. நோகவில்லை. ஆனால் என் கண்ணைப் பற்றி எனக்கு முன்னாலேயே மெதுவாகக் கதைத்ததைத்தான் பொறுக்க முடியவில்லை.

வாயு மேலெழும்பி விழித்திரையை அழுத்திப் பிடிக்க வேண்டும் என்பதால், பிறகு பல நாட்கள் முகம் குப்புறவே கிடக்கச் சொன்னார்கள். சாப்பாடும் குனிந்தபடி, கதையும் குனிந்தபடி. அந்த நாட்களில் எனக்குத் தெரிந்த உலகம் கட்டிலுக்குக் கீழே தெரிந்த கால்கள்தான். மிஸ்ஸியின் வெள்ளைச் சப்பாத்து, என் கணவரின் வெடித்த குதிக்கால், பூமணியின் தேய்ந்த செருப்பு. அவர் என் கண்ணுக்கு மருந்து விடப்போய்க் கன்னத்தில் விட்டார். பூமணி சந்தைக்குப் போகாமல் நின்று மருந்தை விட்டாள், ஒரு துளிகூடச் சிந்தாமல். குரக்கன் புட்டும் முருங்கையிலை வறையும் கட்டிக்கொண்டு வருவாள். அவளுடைய சமையல் என்னுடையதைவிட நல்லது. அதைப் பேசாமல் விழுங்கினேன்.

ஒரு மத்தியானம் செருப்பைப் பார்த்துக்கொண்டே கேட்டேன். "நான் பட்டினி கிடக்கிறது உமக்கு எப்பிடித் தெரியும்?"

"கிளினிக்குக்கு முதல் நாள் என்னட்டைத்தானே பாவற்காய் வாங்குவீர். வேறை நாளிலை வாங்க மாட்டீர்."

"அப்ப ஏன் ஒருக்காலும் சொல்லேல்லை?"

செருப்பு அசைந்தது. "சொன்னால் கோவிப்பீர். அதோடை..." சாப்பாட்டுப் பாத்திரத்தை மூடும் சத்தம் கேட்டது. "எனக்கு உம்மிலை எரிச்சல், மச்சாள். ரெண்டு நாளெண்டாலும் உம்மாலை வாயைக் கட்ட ஏலுது. நானெண்டால் ஒரு நேரமும் இருக்க மாட்டன். டொக்டர் உம்மைப் புகழேக்கை எனக்கு உள்ளுக்கை எரியும். சொன்னால் எரிச்சலிலை சொல்லுறன் எண்டு எனக்கே தெரியும்."

குப்புறக் கிடந்தபடியே நான் சிரித்தேன். இத்தனை வருசமும் அவளுக்கும் எரிந்திருக்கிறது. அந்த ஆஸ்பத்திரியில் எனக்குக் கிடைத்த மருந்துகளில் அதுதான் சுகம் தந்தது.

இடது கண் முழுவதும் திரும்பவில்லை. இன்று அதால் ஆள் வருவது தெரியும், யார் என்று தெரியாது. வலது கண்ணுக்கு லேசர் என்றதும் நான் மாட்டேன் என்றேன். லேசர் அடித்தபின் பூமணி சில நாட்கள் மங்கல் என்று சொன்னது நினைவிலிருந்தது. இருக்கிற ஒன்றையும் மங்கவைக்கவா?

கண் டொக்டர் சொன்னார்: "அம்மா, லேசர் கண்ணைத் திறமாக்கிறதுக்கு இல்லை. இப்ப உள்ள பார்வையைப் போகவிடாமல் வைச்சிருக்கத்தான். போன பிறகு வந்து கேட்டால் எங்களாலையும் பெரிசா ஒண்டும் செய்ய ஏலாது. மச்சாளுக்கு வேளைக்கு அடிச்சது. அதாலைதான் அவ இண்டைக்கு உங்களைக் கூட்டிக்கொண்டு வாறா."

அதைக் கேட்டபோது எனக்கு வந்த எரிச்சல் முன்பு வந்த எதையும் போலில்லை. அவளுடைய வாய்க்கும் சிரிப்புக்கும் சமையலுக்கும் எரிந்திருக்கிறேன். அவளுக்கு விழுந்த ஏச்சுக்கு எரிவேன் என்று நினைத்ததில்லை. மாதா மாதம் வாங்கு சிரிக்க அவள் வாங்கிய ஏச்சு அவளுடைய இரண்டு கண்ணையும் காப்பாற்றியிருக்கிறது. நான் வாங்கிய புகழ் என்னிடமிருந்து ஒரு கண்ணைக் கொண்டுபோய்விட்டது. அந்த எரிச்சலோடேயே போய் நாடியைத் தாங்கில் வைத்தேன். பச்சை வெளிச்சம் பளிச் பளிச்சென்று அடித்தது, சில தடவை உள்ளே சுளீரென்றது. இன்னும் சில தவணை போனேன். இந்த வலது கண்ணால்தான் இப்போது பெரிய எழுத்தில் இதை எழுதுகிறேன்.

வீட்டுக்கு வந்து சில மாதங்களின் பின், கிளினிக் மிஸ்ஸி எங்கள் பக்கத்துச் சனசமூக நிலையத்தில் ஒரு கூட்டம் வைத்தா. தோட்டக் கூலிக்குப் போகிறவர்கள், வெங்காயம் நறுக்கிக் கட்டுகிறவர்கள், சீனி வருத்தம் இருந்தும் கண்ணைக் காட்டாதவர்கள் எல்லாரையும் கூப்பிட்டா. அனுபவம் சொல்லப் பூமணியைக் கேட்டிருந்தா. என்னைக் கேட்கவில்லை. நான் பின் கதிரையில் போய் இருந்தேன்.

பூமணி மைக்கைப் பிடித்து வெங்காயம் ஏலம் கூறுவதுபோல் நன்றாகத்தான் சொன்னாள். ஆனால் சனம் அசையவில்லை. "உனக்குச் சீனி கூட, நீ போகத்தான் வேணும். எனக்கு நோர்மல்" என்றா முன் வரிசையில் ஒரு மனிசி. அந்த மனிசியின் குரலில் இருந்த பெருமை எனக்கு நன்றாகத் தெரிந்த பெருமை. நான் எழும்பிப் போய்ப் பூமணியின் கையிலிருந்து மைக்கைப் பறித்தேன்.

"நாளைக்குக் கிளினிக். இண்டைக்கு உங்கடை வீட்டிலை என்ன கறி?"

மனிசி திகைத்தா. "பாவற்காய்."

"நேற்று?"

பின்னால் ஒருவர் களுக்கென்று சிரித்தார். பிறகு சபை முழுவதும் சிரித்தது, ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு. அங்கே இருந்த பாதிப் பேருக்கு மேல் கிளினிக் விரதகாரர்கள் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. மிஸ்ஸி வாயில் கை வைத்தபடி நின்றா. நான் சிரிக்கவில்லை. வலது கண்ணைப் பொத்திக்கொண்டு அந்த மனிசியைப் பார்த்து, "இப்ப நீங்கள் எனக்கு ஒரு நிழல். எனக்கும் நோர்மல்தான் வந்தது" என்றேன். சிரிப்பு அடங்கியது. அன்று பல பேர் துண்டு எழுதி வாங்கிக்கொண்டு போனார்கள். நான் சொன்ன பிறகுதான் வாங்கினார்கள், பூமணி சொன்ன பிறகு இல்லை என்பதையும் குறித்து வைத்தேன்.

இந்த மாதம் விரதமில்லாமல் கிளினிக்குக்குப் போனேன். இலக்கம் ஏறியிருந்தது. டொக்டர் கதவுக்கு வெளியே கேட்க ஏசினார், இன்சுலின் தொடங்கினார், கண்ணுக்கு மறுபடி துண்டு எழுதினார். துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே வந்தபோது எனக்குச் சந்தோசத்தில் ஒரே புளுகம்.

பிறகு பூமணி போனாள். இந்த வருசம் அவள் மரவள்ளியைக் குறைத்திருக்கிறாள். டொக்டரின் குரல் ஏறவே இல்லை. வெளியே வந்து என் பக்கத்தில் இருந்தாள், முகம் முழுக்கச் சிரிப்பு.

"எனக்குத் திறமாம், மச்சாள். இனி நான் கண் கிளினிக்குக்கு வரேல்லை. லேசரும் அடிச்சாச்சு, சீனியும் நோர்மல். பிறகென்னத்துக்கு? நீர் போயிட்டு வாரும்."

உண்மையைச் சொன்னால், கொஞ்ச நேரம் அவளுடைய இரண்டு கண்ணையும் மாறி மாறிப் பார்த்தேன். நல்ல கண்கள். சும்மா விட்டாலே போதும், ஒரு சொல்லும் தேவையில்லை, ஒரு காலத்தில் நாங்கள் இரண்டு பேரும் சரிசமம் ஆகிவிடுவோம். அந்த நினைப்பு எனக்குள் வந்தது, வந்து இருந்தது.

பிறகு எழும்பி நின்றேன். "எழும்படி!" என்றேன். அவளை நான் அப்படி ஒருநாளும் கூப்பிட்டதில்லை. "நோர்மலாம் நோர்மல்! என்ரை கண்ணைப் பாத்தும் உனக்குப் புத்தி வரேல்லையோ? துண்டு எழுதுவிச்சுக்கொண்டு வா. வராட்டி உன்ரை அண்ணைக்கு முன்னாலை இழுத்துக்கொண்டு போவன்!" வாங்கு முழுவதும் எங்களைப் பார்த்தது. டொக்டர் கதவால் எட்டிப் பார்த்தார்.

பூமணி எழும்பி உள்ளே போய்த் துண்டோடு வந்தாள்.

கண் கிளினிக்குக்கு இரண்டு பேருமாகத்தான் போனோம். பஸ்ஸிலிருந்து இறங்கும்போது, படி எனக்குத் தெரியாதென்று என் கையைப் பிடித்தாள், நானும் அந்தக் கையை விடவில்லை. வரிசையில் அவளுடைய இலக்கம் எனக்கு முன்னால் வந்தது. அதுவும் எனக்கு எரிச்சல்தான்.